யாரால்? – ஸ்கூபி-டூவின் வில்லன்களை முன்வைத்து

முன்குறிப்பு: இது நீண்ட பதிவு. ஆய்வேட்டின் நான்காம் இயலை எழுதியிருக்க வேண்டிய இரண்டு இரவுகளை ஒரு கார்ட்டூன் தொடருக்குச் செலவிட்டிருக்கிறேன். என் நெறியாளர் இதை வாசிக்க நேர்ந்தால் பொறுத்தருள்வாராக.

சென்ற வாரம் எங்கள் துறைக் கருத்தரங்கின் தேநீர் இடைவேளையில் பேச்சு எப்படியோ ஸ்கூபி-டூவின் பக்கம் திரும்பியது. பண்பாட்டு ஆய்வில் ஈடுபட்டிருக்கும் நண்பர் ஒருவர் சொன்னார்: “கடைசியில் எப்போதும் முகமூடி போட்ட ஒரு மனிதன்தானே? அது சிறுபிள்ளைகளுக்கான கதை. உண்மையான பேய்கள் வந்த பிறகுதான் அந்தத் தொடருக்கு முதிர்ச்சி வந்தது.” அருகில் நின்ற இன்னொருவர், பகுத்தறிவுப் பற்றுடையவர், தொடருக்காகப் பரிந்து பேசினார்: “பேய் இல்லை என்று குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததே, அது போதாதா?” சுற்றியிருந்தவர்கள் இரண்டுக்கும் தலையசைத்தார்கள். நானும் தேநீர்க் குவளையோடு மௌனமாக நின்றேன். அந்த மௌனத்துக்கான பரிகாரமே இப்பதிவு. இரண்டு கூற்றுகளும் தவறு என்பதும், இரண்டும் ஒரே இடத்தில் தவறுகின்றன என்பதும் என் வாதம்.

முதலில் அடிப்படைச் செய்திகள். அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் 1969 செப்டம்பர் 13 அன்று இத்தொடர் தொடங்கியது. தயாரித்தது ஹன்னா-பார்பெரா நிறுவனம். உருவாக்கியவர்கள் ஜோ ரூபி, கென் ஸ்பியர்ஸ். ஃப்ரெட், டாஃப்னி, வெல்மா, ஷேகி என்னும் நான்கு இளைஞர்களும் ஸ்கூபி-டூ என்னும் கிரேட் டேன் நாயும் ஒரு வேனில் ஊர் ஊராகச் செல்கிறார்கள். போகுமிடமெல்லாம் ஒரு பேய். துரத்தல், தடயங்கள், ஒரு பொறி, முகமூடி கழற்றல், வெல்மாவின் விளக்கம். பிடிபட்டவன், இந்தப் பொடியன்கள் மட்டும் மூக்கை நுழைக்காமல் இருந்திருந்தால் நான் தப்பியிருப்பேன் என்று பொருமுகிறான். முதல் பருவத்தில் 17 அத்தியாயங்கள், 1970இல் வந்த இரண்டாம் பருவத்தில் 8. அதன் பிறகு அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தொடர்கள், திரைப்படங்கள், மறு ஆக்கங்கள் என்று இந்தக் குடும்பம் பெருகிக்கொண்டே இருக்கிறது.

“கடைசியில் ஒரு மனிதன்தானே” என்று அலட்சியமாகச் சொல்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: எந்த மனிதன்? அவன் பெயர், தொழில், நோக்கம் என்ன? முதல் பருவத்தை மீண்டும் பாருங்கள்.

முதல் அத்தியாயத்தில் அருங்காட்சியகத்துக்கு அனுப்பப்பட்ட ஒரு கருப்புக் கவச வீரன் நள்ளிரவில் நடமாடுகிறான். முகமூடியைக் கழற்றினால் அந்த அருங்காட்சியகத்தின் காப்பாளரே நிற்கிறார். அசல் ஓவியங்களை விற்றுவிட்டுப் போலிகளை மாட்டிக்கொண்டிருந்தவர். போலியை இனங்காணும் அறிவுடைய பேராசிரியர் ஒருவர் வருவது தெரிந்ததும் அவரைக் கடத்திவிட்டார். கல்விப்புலத்தில் இருக்கும் நாம் இக்கதையைச் சிறுபிள்ளைத்தனம் என்று சொல்லும்போது சற்றுத் தயங்க வேண்டாமா? நிறுவனத்தின் பொறுப்பாளர் களவாடுகிறார். உண்மையறியும் ஆய்வாளர் காணாமல் போகிறார். பழி ஒரு கவச உடையின் மேல் விழுகிறது.

மேலும் பாருங்கள். வங்கியைக் கொள்ளையடிக்கும் ‘க்ரீப்பர்’ என்னும் உருவத்துக்குள் இருப்பவர் அந்த வங்கியின் தலைவர் கார்ஸ்வெல். சரக்குக் கப்பல்களைச் சூறையாடும் செந்தாடிக் கடற்கொள்ளையனின் ஆவி, அக்கப்பல்களுக்கே உரிமையாளரான மேக்னஸ். பழைய தங்கச் சுரங்கத்தில் அலையும் சுரங்கத் தொழிலாளியின் ஆவி, அந்த விடுதியின் பணியாளர் ஹேங்க். சுரங்கத்துக்குள் எண்ணெய் இருப்பதை அறிந்து, உரிமையாளரை விரட்டிவிட்டு இடத்தைக் கைப்பற்ற எண்ணியவர். கைவிடப்பட்ட விமானத் தளத்தில் ஒளிரும் விண்வெளிப் பேய், பயந்து ஓடும் அண்டை அயலாரின் நிலத்தை மலிவாக வாங்கக் காத்திருந்த பாஸ்கம் என்னும் உள்ளூர்க்காரர். மம்மிக்குள் இருப்பவர் தொல்லியல் பேராசிரியரின் சக ஆய்வாளர். வாரிசுகளை ஒவ்வொருவராக மறையச் செய்யும் பச்சை நிழல்கள், உயிலை வாசித்துக் காட்டிய வழக்கறிஞரும் அவருடைய பங்காளியும். இந்தக் கடைசிக் கதையில் ஒரு கூர்மையான நையாண்டியும் உண்டு. எல்லாரும் அடித்துக்கொண்ட பத்து லட்சம் டாலர் சொத்து இறுதியில் கைக்கு வரும்போது, அது அடிமைமுறையைக் காக்கப் போரிட்டு 1865இல் வீழ்ந்துபோன தென்மாநிலக் கூட்டமைப்பின் செல்லாத நோட்டுகளாக இருக்கிறது.

எல்லா வில்லன்களும் பணக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. சர்க்கஸில் கோமாளி வேடமிடும் மனவசியக்காரனுக்குப் பழிவாங்கும் எண்ணம். படப்பிடிப்புத் தளத்தில் மனிதக் குரங்காக அலையும் சண்டைக் கலைஞனுக்கு மனக்கசப்பு. ஆனால் தொடரின் முதுகெலும்பு அவர்கள் அல்லர். அது சாவியும் பத்திரமும் கணக்கேடும் கையில் வைத்திருப்பவர்களால் ஆனது. அவர்கள் அந்நியர்கள் அல்லர். அத்தியாயத்தின் தொடக்கத்திலேயே கைகுலுக்கி வரவேற்று, “இந்த இடம் ஆபத்தானது, போய்விடுங்கள்” என்று அக்கறையோடு எச்சரித்த மரியாதைக்குரியவர்கள்.

இது எப்படி நேர்ந்தது? படைப்பாளிகளின் அரசியல் தெளிவால் என்று நான் உரிமைகோரப் போவதில்லை. வரலாறு அதைவிடச் சுவையானது. 1968இல் மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் கொல்லப்பட்ட பிறகு, சனிக்கிழமைக் காலைக் கார்ட்டூன்களில் மலிந்திருந்த வன்முறைக்கு எதிராக அமெரிக்கப் பெற்றோர் அமைப்புகள் குரல் எழுப்பின. அடிதடி நாயகர்களின் தொடர்களைத் தொலைக்காட்சிகள் கைவிடத் தொடங்கின. சிபிஎஸ்ஸில் பகல்நேர நிகழ்ச்சிகளுக்குப் பொறுப்பாயிருந்த ஃப்ரெட் சில்வர்மேன் அந்த இடத்தை நிரப்பும் தொடர்களைத் தேடினார். ஸ்கூபி-டூவின் முதல் வடிவம்கூட மிகவும் அச்சமூட்டுவதாகக் கருதப்பட்டு நிராகரிக்கப்பட்டது. நாயையும் நகைச்சுவையையும் முன்னே கொண்டுவந்த பிறகே ஒப்புதல் கிடைத்தது.

ஆக, கொலை கூடாது, குருதி கூடாது, யாரும் சாகக் கூடாது. இந்தத் தடைகளுக்குள் ஒரு குற்றக் கதையை எழுத வேண்டுமென்றால் எஞ்சுவது என்ன? மோசடி, கடத்தல், கள்ளநோட்டு, நில அபகரிப்பு, உயில் தகராறு. கொலையை விலக்கியதால் கதை சொத்தின் பக்கம் திரும்பியது. தணிக்கை அறியாமல் செய்த நன்மை இது. குருதி தெறிக்கும் கதைகளில் நாம் கொலைகாரனின் மனத்தைத் தேடுவோம். இங்கே தேட மனம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. வரவு செலவு மட்டுமே உண்டு. உளவியல் ஆழம் இல்லை என்று குறைகூறுவோர், அந்த ஆழமின்மையே இக்கதைகளின் அறிவு என்பதைக் கவனிப்பதில்லை. நில மோசடி செய்பவனுக்கு இருண்ட மனம் தேவையில்லை. ஒரு வரைபடம் போதும்.

இனி என் துறைக்கு வருகிறேன். தமிழ் இலக்கணத்தில் தோன்றா எழுவாய் என்று ஒன்று உண்டு. “வந்தாய்” என்றால் எழுவாய் வெளியே இல்லை. ஆயினும் வினையின் விகுதி ‘நீ’யைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. மறைந்திருந்தாலும் தப்ப முடியாத எழுவாய் அது. செயப்பாட்டு வினையின் கதை வேறு. “நிலம் கைப்பற்றப்பட்டது” என்னும் தொடரில் விகுதி நிலத்தோடு இயைந்துவிடுகிறது. செய்தவனைச் சொல்ல வேண்டுமென்றால் மூன்றாம் வேற்றுமையின் ‘ஆல்’ வேண்டும்: இன்னாரால் கைப்பற்றப்பட்டது. அந்த ‘ஆல்’ கட்டாயமில்லை. விட்டுவிட்டாலும் தொடர் இலக்கணப் பிழையாகாது. செயல் நிற்கிறது, செய்தவன் சுவடின்றி மறைகிறான்.

ஸ்கூபி-டூவின் பேய் இந்த விடுபட்ட ‘ஆல்’தான். ஓவியங்கள் திருடப்படுகின்றன, கப்பல்கள் கொள்ளையடிக்கப்படுகின்றன, ஊரார் விரட்டப்படுகிறார்கள். யாரால் என்று கேட்டால் ஊர் ஒரு புராணத்தைச் சொல்கிறது. அந்தப் புராணம் செய்தவனின் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்பதால், வேறு யாரும் அங்கே தேடுவதில்லை. வெல்மா கடைசியில் ஆற்றும் உரை, சாராம்சத்தில், செயப்பாட்டு வினையைச் செய்வினையாக மாற்றும் பயிற்சி. இவர், இதை, இந்த நோக்கத்துக்காக, இந்தக் கருவியைக் கொண்டு செய்தார். ஒளிரும் வண்ணப்பூச்சு, ஒலிப்பான், கம்பி, படக்கருவி என்று பேயின் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு பொருளைக் காட்டுகிறாள்.

இங்கேதான் பகுத்தறிவு நண்பருடனும் முரண்படுகிறேன். ‘பேய் இல்லை’ என்பது அவளுடைய முடிவன்று. அது மட்டுமே முடிவாக இருந்தால் கதை மூன்றாம் நிமிடத்தில் முடிந்திருக்கும். வெல்மா ஒரு சொற்பொழிவாற்றிவிட்டு வேனில் ஏறியிருப்பாள். பேய் இல்லை என்று அறிந்த பிறகும் ஓவியம் காணாமல்தான் போயிருக்கும், நிலம் பறிபோய்க்கொண்டுதான் இருக்கும். இருப்பைப் பற்றிய கேள்விக்கு விடை சொன்னதும் கடமை முடிந்துவிட்டதாக நினைப்பது நம் பகுத்தறிவு விவாதங்களின் பழைய நோய். ஸ்கூபி-டூ அடுத்த கேள்விக்குச் செல்கிறது: இந்தப் பேயால் யாருக்கு ஆதாயம்?

ஓர் எதிர்வாதத்தை முன்கூட்டியே எதிர்கொள்கிறேன். பேசும் நாயை நடுவில் வைத்துக்கொண்டு ஒரு தொடர் அமானுஷ்யத்தை மறுக்க முடியுமா? ஸ்கூபியின் பேச்சு ஒரு மொழியியலாளருக்கு விருந்து. டான் மெசிக்கின் குரலில் அது ஏறத்தாழ எல்லாச் சொற்களின் தலையிலும் ரகரத்தைச் சூட்டுகிறது. மொழிமுதலில் வரக்கூடாதென்று தமிழ் மரபு விலக்கி, வரநேர்ந்தால் இகரத்தையோ அகரத்தையோ உகரத்தையோ துணைக்கு அனுப்பிய அதே ரகரம். ஆனால் எதிர்வாதத்துக்கு விடை எளிது. தொடர் வியப்பை என்றுமே தடைசெய்யவில்லை. வியப்பைக் காட்டி ஒருவரை வீட்டைவிட்டு விரட்டுவதையே அது கேள்வி கேட்டது. ஸ்கூபி பேசுவதால் எவருடைய நிலமும் பறிபோகவில்லை.

‘யாரால்’ என்னும் கேள்வி வெறும் சந்தேகப் புத்தியாகச் சீரழியலாம் என்பதும் இக்குடும்பத்துக்குத் தெரிந்தே இருக்கிறது. 1988இல் தொடங்கிய ‘எ பப் நேம்டு ஸ்கூபி-டூ’வில் சிறுவன் ஃப்ரெட்டி, எது நடந்தாலும் ஊரிலுள்ள ரெட் ஹெர்ரிங் என்னும் முரட்டுப் பையனையே குற்றஞ்சாட்டுவான். ஏறத்தாழ எப்போதும் தவறாகவே இருக்கும். ஆதாரமில்லாமல் ‘ஆல்’ சேர்ப்பதும் ஒரு பேயை உருவாக்குவதே. வெல்மாவையும் ஃப்ரெட்டியையும் பிரிப்பது தடயம் ஒன்றுதான்.

குறைகளை மறைத்துக்கொண்டு வாதாட விரும்பவில்லை. முகமூடிகளின் பெட்டியைப் பாருங்கள். ஹவாயில் முத்துகளுக்காக ஊராரை மிரட்டும் சிம்ஸ் அத்தீவின் மந்திரவாதி உருவத்தைக் கையாள்கிறான். நாய்களைக் கடத்துபவன் அமெரிக்கப் பூர்வகுடி மந்திரவாதியாகிறான். மம்மி எகிப்திலிருந்து வருகிறது. பறிகொடுத்தவர்களின் முகத்தை அணிந்துகொண்டே பறிப்பவர்கள் பயமுறுத்துகிறார்கள். இதைத் தொடர் உணர்ந்து காட்டியதாக நான் நம்பவில்லை. பல இடங்களில் அது அக்காலத்து இனவாதக் கேலிச்சித்திரங்களையே மறுபடியும் வரைகிறது. அதுபோலவே, ஷெரிஃப் எப்போதும் நல்லவர். கைதோடு எல்லாம் சரியாகிவிடுகிறது. வங்கித் தலைவர் மாறுவாரே தவிர வங்கியைப் பற்றி எவரும் கேட்பதில்லை. இன்னொன்று: அணியில் மிகவும் பயப்படும் இருவரே, ஷேகியும் ஸ்கூபியும், எப்போதும் தூண்டிலில் இரையாக அனுப்பப்படுகிறார்கள். கூலி ஒரு பிஸ்கட். ஒப்பந்தத்தில் பாடமெடுக்கும் தற்காலிக ஆசிரியர்களுக்கு இந்த ஊதிய முறை பழக்கமானதாகத் தோன்றலாம்.

இந்தக் குறைகள் எல்லாம் ‘யாரால்’ என்னும் கேள்வியை இன்னும் ஆழமாகக் கேட்க வேண்டும் என்பதற்கான காரணங்கள். ஆனால் தொடர் பின்னர் சென்ற திசை அதுவன்று. 1985இல் ‘தி 13 கோஸ்ட்ஸ் ஆஃப் ஸ்கூபி-டூ’வில் பெட்டியிலிருந்து உண்மையான பேய்கள் வெளிவந்தன. 1998இல் நம் நண்பர் புகழும் ‘ஸ்கூபி-டூ ஆன் ஸோம்பி ஐலண்ட்’ வந்தது. நல்ல படம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஓவியமும் இசையும் இருளும் முந்தையவற்றைவிடப் பல படி மேல். முகமூடி மனிதர்களைப் பார்த்துச் சலித்துப்போன குழு உண்மையான பேயைத் தேடி லூயிசியானாவின் ஒரு தீவுக்குச் செல்கிறது. அங்கே மிளகாய்த் தோட்டமும் ஒரு பழைய மாளிகையும் இருக்கின்றன. ஸோம்பிகள் உண்மை. அவை தீமை செய்ய வந்தவை அல்ல, எச்சரிக்க வந்த முன்னாள் பலியாட்கள் என்பது அழகான திருப்பம். மாளிகையின் உரிமையாளர் சிமோனும் சமையற்காரி லீனாவும் பூனைத் தெய்வத்தின் சாபத்தால் பிறர் உயிரை உறிஞ்சி வாழ்பவர்கள்.

இப்போது என் கேள்வி. லூயிசியானாவில் ஒரு தோட்ட மாளிகை. அந்த மண்ணில் தோட்டம் என்ற சொல்லுக்கு என்ன பொருள், அங்கே யாருடைய உழைப்பு உறிஞ்சப்பட்டது என்பதை அமெரிக்க வரலாறு அறிந்த எவரும் அறிவர். 1969இன் சூத்திரம் அந்தத் தீவுக்குப் போயிருந்தால் முதலில் கேட்டிருப்பது, இந்த நிலம் யாருடையது, எப்படி வந்தது என்பதை. 1998இன் ‘முதிர்ச்சி’ அந்த இடத்தில் ஒரு சாபத்தை வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறது. கணக்கேடு இருந்த இடத்தில் இப்போது மந்திரம். இதை ஆழம் என்று நம் துறைகள் கொண்டாடுகின்றன. எனக்கு இது ‘ஆல்’ மறுபடியும் தொலைந்துபோன தருணமாகத் தெரிகிறது.

இதைவிட வேதனையானது 2010 முதல் 2013 வரை 52 அத்தியாயங்களாக வந்த ‘மிஸ்டரி இன்கார்ப்பரேட்டட்’. இக்குடும்பத்தின் மிகக் கூர்மையான படைப்பு என்று இன்றும் சொல்வேன். கிரிஸ்டல் கோவ் என்னும் ஊர், உலகிலேயே அதிகம் பேய் உலவும் இடம் என்னும் பெயரை விற்று வாழ்கிறது. வெல்மாவின் பெற்றோர் அதையே அருங்காட்சியகமாக்கிப் பயணிகளுக்குக் காட்டுகிறார்கள். முகமூடிகளைக் கழற்றும் பிள்ளைகளை ஊரே வெறுக்கிறது, ஏனென்றால் உண்மை சுற்றுலாவைக் கெடுக்கிறது. முதல் பருவத்தின் முடிவில் பெரிய முகமூடிக்குள் இருப்பவர் நகரத் தலைவர், ஃப்ரெட் அப்பா என்று நம்பி வளர்ந்த மனிதர். தனிமனித வில்லனிலிருந்து ஒரு முழு ஊரின் பொருளாதாரத்துக்குக் கேள்வி விரிந்த தருணம் அது. நான் மேலே பட்டியலிட்ட குறைகளுக்கு விடை கண்டுகொண்டிருந்த தொடர் அது.

பிறகு என்ன செய்தார்கள்? ஊரின் அடியில் ஒரு தீய சக்தி சிறைப்பட்டிருக்கிறது, அதுவே தலைமுறை தலைமுறையாக எல்லாருடைய மனத்தையும் கெடுத்தது என்றார்கள். இறுதி அத்தியாயத்தில் அது அழிந்ததும் காலமே மாறி, எல்லாரும் நல்லவர்களாக இருக்கும் புதிய ஊர் பிறக்கிறது. நகரத் தலைவரின் குற்றம், பெற்றோரின் பேராசை, ஊராரின் உடந்தை அனைத்துக்கும் ஒரே எழுவாய்: தீய சக்தி. எந்தச் சூழ்ச்சியை அம்பலப்படுத்த இத்தொடர் பிறந்ததோ, அதே சூழ்ச்சியைக் கதாசிரியர்களே இறுதியில் செய்துவிட்டார்கள்.

நம்முடைய கவனமும் எங்கே இருந்தது என்று பாருங்கள். 2023இல் வெளியான ‘வெல்மா’ தொடரில் மிண்டி கேலிங் குரல் கொடுத்த வெல்மா தெற்காசிய வம்சாவளிப் பெண்ணாக வந்தாள். அவளுடைய தோல் நிறம், பெயர், பாலீர்ப்பு குறித்து ஆதரித்தும் எதிர்த்தும் எவ்வளவோ எழுதினோம். அவை தேவையற்ற விவாதங்கள் அல்ல. ஆனால் துப்பறிபவள் யார் என்பதில் காட்டிய அக்கறையில் ஒரு பங்கையாவது, பிடிபடுபவன் யார் என்பதில் காட்டினோமா?

தொடரின் தொடக்கத்துக்கே ஒருமுறை திரும்புகிறேன். ஸ்கூபி உட்பட இந்த ஐந்து பாத்திரங்களையும் வரைந்து உருவம் தந்தவர் இவாவோ தகமோட்டோ. 1925இல் லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்த ஜப்பானிய அமெரிக்கர். கிரேட் டேன் வளர்க்கும் சக பணியாளரிடம் நல்ல நாயின் இலக்கணங்களைக் கேட்டறிந்து, வளைந்த கால், கூன் முதுகு, சரிந்த தாடை என்று அவற்றை வேண்டுமென்றே தலைகீழாக்கி ஸ்கூபியை வரைந்தார் என்பது பலரும் அறிந்த கதை. பலரும் மறப்பது, பதின்பருவத்தில் அவர் குடும்பத்தோடு கலிபோர்னியாவின் மன்சனார் முகாமில் அடைக்கப்பட்டிருந்தார் என்பதை. ஓவியக் கலையின் அடிப்படைகளை அங்கே உடனிருந்த சிறைப்பட்டோரிடமே கற்றார்.

1942 பிப்ரவரியில் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட நிர்வாக ஆணை 9066இன் விளைவாக ஏறத்தாழ 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினர் மேற்குக் கரையிலிருந்து அகற்றப்பட்டார்கள். அவர்களில் பெரும்பான்மையோர் அமெரிக்கக் குடிமக்கள். காரணமாகச் சொல்லப்பட்டது ராணுவத் தேவை, உளவாளிகள் என்னும் அச்சம். அதிகார மொழி அதற்கு வைத்த பெயர், வெள்ளத்துக்கும் தீவிபத்துக்கும் பயன்படுத்தும் ‘அப்புறப்படுத்தல்’ என்னும் சொல். அவர்கள் விட்டுச்சென்ற வயல்களும் கடைகளும் வீடுகளும் பெருமளவில் பறிபோயின. அவர்களை வெளியேற்றுமாறு வெளிப்படையாக வற்புறுத்தியவர்களில் கலிபோர்னியாவின் வெள்ளை விவசாயிகளின் அமைப்புகள் சிலவும் இருந்தன. அந்த வெளியேற்றத்துக்கு ராணுவத் தேவை காரணமல்ல, இனத் துவேஷமும் போர்க்கால வெறியும் அரசியல் தலைமையின் தோல்வியுமே காரணம் என்று அமெரிக்க அரசு சட்டபூர்வமாக ஒப்புக்கொள்ள 1988 வரை ஆயிற்று.

தகமோட்டோ இதை மனத்தில் கொண்டு வரைந்தார் என்று நான் சொல்லவில்லை. கதைகளை எழுதியவரும் அவர் அல்லர். நான் சொல்வது இவ்வளவே: பயத்தைக் கிளப்பி அண்டை வீட்டானின் நிலத்தைப் பெறுவது கார்ட்டூன் எழுத்தாளர்கள் கண்டுபிடித்த கதைச் சூத்திரமன்று. அமெரிக்க மேற்குக் கரை அதை ஒரு முழு மக்கள்திரளின் மேல் நடத்திப் பார்த்து இருபத்தேழு ஆண்டுகளே ஆகியிருந்தன. விமானத் தளத்தின் அருகே விண்வெளிப் பேய் வேடமிட்ட பாஸ்கமைப் பார்த்து, இவ்வளவு அற்பமான நோக்கமா என்று சிரிக்கும் நண்பர்கள் இதைச் சற்று நினைக்க வேண்டும். நம் நாட்டிலும் சூனியக்காரி என்று பெண்களை முத்திரை குத்துவதற்கு எதிராகப் பீகார் 1999இலேயே தனிச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. அத்தகைய வழக்குகள் பலவற்றில் ஒரு கைம்பெண்ணின் பெயரில் இருந்த சிறு நிலம் பின்னணியில் இருந்தது. அங்கும் பேய் உண்டா இல்லையா என்று விவாதித்துக்கொண்டிருப்பவர்கள் பத்திரத்தைப் பார்க்க மறந்துவிடுகிறார்கள்.

இவ்வளவு கோபம் ஏன் என்று கேட்பீர்கள். சென்ற ஆண்டு எனக்கும் என்னோடு சேர்ந்த சில ஆய்வாளர்களுக்கும் ஆறு மாதங்கள் உதவித்தொகை வரவில்லை. ஒரு சுற்றறிக்கை மட்டும் வந்தது. தமிழாக்கினால் இப்படி இருக்கும்: ‘நிர்வாகக் காரணங்களால் உதவித்தொகை தற்காலிகமாக நிறுத்திவைக்கப்பட்டுள்ளது.’ ‘ஆல்’ இருக்கிறது, கவனியுங்கள். ஆனால் அது ஓர் ஆளோடு ஒட்டவில்லை, காரணத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அறை அறையாக ஏறி இறங்கினோம். ‘மேலிடம்’ என்றார்கள், ‘கணினி அமைப்பு’ என்றார்கள். நாங்களும் எங்களுக்குள் அப்படியே பேசத் தொடங்கிவிட்டோம். விடுதிக் கட்டணம் கட்ட முடியாத இளைய ஆய்வாளர் ஒருவர் ஊருக்குத் திரும்பினார். இன்றுவரை வரவில்லை. ஆறாம் மாதம், ஓய்வு பெறவிருந்த எழுத்தர் ஒருவர் இரக்கப்பட்டு, கோப்பு எந்த மேசையில், எவருடைய கையொப்பத்துக்காகக் காத்திருக்கிறது என்று சொன்னார். அடுத்த பத்து நாள்களில் பணம் வந்தது. கையொப்பமிட வேண்டியவர் கொடியவர் அல்லர், முகமூடியும் அணிந்திருக்கவில்லை. சுற்றறிக்கையின் இலக்கணமே அவருக்கு முகமூடியாக இருந்தது. அதை நாங்கள் முன்பே கழற்றியிருந்தால் ஒருவர் ஆய்வைக் கைவிட்டிருக்க மாட்டார்.

ஆகையால் நண்பரே, “கடைசியில் ஒரு மனிதன்தானே” என்பதை ஏமாற்றமாகச் சொல்லாதீர்கள். சாபத்தையும் தீய சக்தியையும் அமைப்பு என்னும் பெயரற்ற பூதத்தையும் ஆழம் என்று பாராட்டும் பயிற்சியை நம் வகுப்பறைகள் நமக்கு வேண்டிய அளவு தந்துவிட்டன. அமைப்பைப் பேசுவோம், ஆனால் அதற்குள் கையெழுத்திடும் கைகள் இருக்கின்றன என்பதையும் சேர்த்துப் பேசுவோம். அடுத்தமுறை உங்கள் ஆய்வேட்டிலோ ஓர் அறிவிப்பிலோ ‘செய்யப்பட்டது’ என்று ஒரு வினை முடியும்போது, அதன் அருகே பென்சிலால் ‘யாரால்?’ என்று எழுதிப் பாருங்கள். வெல்மா செய்ததும் அதுதான். கண்ணாடி தொலைந்து தரையில் தடவிக்கொண்டிருந்த நேரம் போக.

மறுப்புகளை வரவேற்கிறேன். அத்தியாயத்தைக் குறிப்பிட்டு மறுப்பவர்களுக்கு அடுத்த கருத்தரங்கின் தேநீர் என் செலவில்.